ஒரு வார்த்தை முன்னாடி ஓடுற மனசு: அக்காவின் டிப்ஸ்

"காலையில அப்பா வாக்கிங் முடிச்சு வந்து பேப்பரை விரிச்சதும், அம்மா கொண்டுவந்து வைக்கிற சூடான…"

இதுக்கு மேல நான் எழுதல. ஆனா நீ 'காபி' வரைக்கும் போயிட்ட. நம்ம வீட்டுல வளர்ந்த யாரும் அந்த இடத்துல வேற எதையும் வைக்க மாட்டாங்க.

விளையாட்டுக்குச் சொல்லல. காது மந்தமானவங்க, திக்கிப் பேசுறவங்க, பக்கவாதம் வந்து வார்த்தை கிடைக்காமத் தவிக்கிறவங்கனு நாள் முழுக்க நான் பார்க்கிற ஆளுங்க எல்லாருக்கும் இந்த ஊகம்தான் ஊன்றுகோல். சில நேரம் காலை வாரி விடுறதும் அதேதான். போன்ல நீ என்கிட்ட கொட்டின கவலைகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாரு. பையன் பாடத்தைப் படிக்கிறானா அடிச்சு விடுறானானு தெரியல. கிரகப்பிரவேசப் பத்திரிகை புரூஃப் வந்திருக்கு. புது ஆபீஸ்ல ஹிந்தி மீட்டிங் தலையைச் சுத்துது. அப்பா வேணும்னே காதுல வாங்க மாட்டேங்கிறார். வேற வேற கவலை மாதிரித்தான் இருக்கு. என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்: யாராவது பேசும்போதும் எதையாவது படிக்கும்போதும் மனசு அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறதில்ல, முன்னாடியே போய் நிக்குது. எங்க அந்த ஊகத்துக்குத் தீனி போடணும், எங்க கடிவாளம் போடணும்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

இது எப்படித் தெரிய வந்ததுங்கிறதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நீ எதையும் ஆதாரம் இல்லாம நம்ப மாட்ட. அமெரிக்காவுல சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டுனு ரெண்டு ஆய்வாளர்கள். தலையில மின்முனை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் திரையில ஒவ்வொரு வார்த்தையாக் காட்டினாங்க. சூடான ரொட்டிமேல ஒருத்தன் எதையோ தடவுறான்னு வாக்கியம் போகுது. இங்கிலீஷ் வாக்கியம், அதனால தடவின பொருள் கடைசியில வரும். வெண்ணெய் வர வேண்டிய இடத்துல 'சாக்ஸ்'னு வந்துது. அந்த வார்த்தை வந்து கிட்டத்தட்ட 400 மில்லிசெகண்டுல, அதாவது அரை செகண்டுக்கும் குறைவான நேரத்துல, மூளையின் மின்பதிவுல பெரிய அலை ஒண்ணு உச்சத்துக்குப் போச்சு. கடைசி வார்த்தை சரியானதாவே இருந்து எழுத்து மட்டும் பெருசா வந்தா அந்த அலை வரல. அப்போ கண்ணு திடுக்கிட்டதால வந்த அலை இல்ல, அர்த்தம் தடுக்கினதால வந்தது. 1980ல வெளியான இந்த ஆய்வுக்கு அப்புறம் அந்த அலைக்கு 'என்400'னே பேர் ஆயிடுச்சு.

நாலு வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேரும் இன்னொண்ணு காட்டினாங்க. வாக்கியம் அபத்தமா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. அர்த்தம் சரியா இருந்தாலும், எதிர்பார்க்காத வார்த்தை வர வர அலை பெருசாகுது. எதிர்பார்த்த வார்த்தைனா அடங்கியே போகுது. எதிர்பார்ப்பை எப்படி அளந்தாங்கனு கேட்ப. நம்ம பரிட்சையில வருமே, 'கோடிட்ட இடத்தை நிரப்புக', அதேதான். 1953ல வில்சன் டெய்லர்ங்கிறவர் ஒரு கட்டுரை படிக்க எளிதா கடினமானு அளக்கிறதுக்காக இதைக் கொண்டுவந்தார். நூறு பேர்கிட்ட கொடுத்து எத்தனை பேர் ஒரே வார்த்தையை எழுதுறாங்கனு எண்ணினா போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கண்ணை வச்சுப் பண்ணின ஆய்வு. இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்துல ஜெரி ஆல்ட்மன், யூகி காமிடே ரெண்டு பேரும் 1999ல வெளியிட்டது. ஒரு படம்: பையன், கேக், பந்து, பொம்மை கார், பொம்மை ரயில். 'பையன் நகர்த்தப் போறான்'னு கேட்டா கண்ணு எல்லா சாமான் மேலயும் சுத்துது. 'பையன் சாப்பிடப் போறான்'ங்கிற வினைச்சொல் காதுல விழுந்த உடனே, கேக்குங்கிற வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே கண்ணு கேக்குக்குப் போயிடுது. அந்தப் படத்துல சாப்பிடக் கூடியது அது ஒண்ணுதானே!

'அது இங்கிலீஷ். நம்ம தமிழ்ல வினைச்சொல்லே கடைசியிலதானே வருது, அப்போ எதை வச்சு ஊகிக்கிறது?'னு நீ கேட்கலைனாலும் நான் கேட்டேன். அதுக்கும் அவங்களே பதில் வச்சிருக்காங்க. ஜப்பானிய மொழியும் நம்மள மாதிரி வினையைக் கடைசியில வைக்கிற மொழி, வேற்றுமை உருபும் உண்டு. 2003ல வந்த ஆய்வுல பரிமாறுற பெண், சாப்பிட வந்தவர், ஹாம்பர்கர் எல்லாம் இருக்கிற படத்தைக் காட்டினாங்க. 'பரிமாறுறவங்க வாடிக்கையாளருக்கு'ங்கிற அளவுல வாக்கியம் வந்தாலே கண்ணு ஹாம்பர்கரைத் தேடுது. 'வாடிக்கையாளரை'னு வந்தா அந்த அளவுக்குத் தேடறதில்ல. 'கு'வும் 'ஐ'யும் போதும். 'அவருக்கு'னா எதையோ கொடுக்கப் போறாங்க, 'அவரை'னா அவரையே ஏதோ பண்ணப் போறாங்க. பள்ளிக்கூடத்துல நாலாம் வேற்றுமை, ரெண்டாம் வேற்றுமைனு மனப்பாடம் பண்ணி வெறுத்தோமே, காது அதை ஒவ்வொரு செகண்டும் உபயோகிச்சுக்கிட்டு இருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து வாங்கிக்கோ. மனசு எப்பவும் ஒரு குறிப்பிட்ட வார்த்தையைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்குனு நினைச்சுடாத. இங்கிலீஷ்ல 'எ கைட்', 'ஆன் ஏர்ப்ளேன்'னு வரும் இல்லையா? பட்டத்தை எதிர்பார்க்கிற இடத்துல 'ஆன்' வந்தாலே மூளை முகம் சுளிக்குதுனு 2005ல ஒரு ஆய்வு சொல்லுச்சு; பிரமாதமாப் பேசப்பட்டது. 2018ல ஒன்பது ஆய்வகங்கள் சேர்ந்து 334 பேரை வச்சு அதையே திரும்பப் பண்ணினாங்க. பட்டம் வர்ற இடத்துல அலை வந்துது, 'ஆன்' வர்ற இடத்துல அந்த விளைவு கிடைக்கல. சண்டை இன்னும் ஓயல. 2016ல இன்னொரு ஆய்வு நிஜமான கட்டுரைகளை எடுத்துப் பார்த்தப்ப, பொருள் தர்ற வார்த்தைகள்ல சுமார் 5 சதவீதம்தான் நல்லா ஊகிக்கக் கூடியதா இருந்துது. ஆனா அடுத்து வரப்போறது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, எந்த மாதிரி விஷயம்ங்கிறதெல்லாம் அதைவிட ரொம்ப நல்லாவே தெரியுது. குறி சொல்றவ மாதிரி அடிச்சுச் சொல்றது இல்ல இது. அந்தப் பக்கத்து வார்த்தைகளை எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல எடுத்து வச்சுக்கிறது, அவ்வளவுதான்.

இனி உன் வீட்டுக்கு வர்றேன்.

கெட்ட செய்தியும் கடைசியில வர்ற 'இல்ல'யும்

தமிழ்ல வாக்கியத்தோட தலையெழுத்து கடைசி அசையிலதான் இருக்கு. 'மாமாவுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டிய அவசியம்…'னு போன்ல சொல்லும்போது சிக்னல் போச்சுன்னு வை. அந்தப் பக்கம் இருக்கிறவங்க மீதியை அவங்களே முடிச்சுக்குவாங்க, பயத்துல இருக்கிறவங்க பயந்த மாதிரியேதான் முடிப்பாங்க. அதனால ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணும்போது முடிவை முதல் வாக்கியமா வை. 'மாமா நல்லா இருக்கார். ஆபரேஷன் இல்ல. மருந்துலயே சரியாயிடும்.' சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு முற்றுப்புள்ளி. விவரம் அப்புறம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்லயும் இதேதான். நம்ம சித்தி 'ஒண்ணு சொல்லணும், பதறாத'னு ஆரம்பிச்சு மூணு நிமிஷம் கழிச்சுதான் பூனை தொலைஞ்ச கதைக்கு வருவாங்க. அதைக் கேட்கிறவங்க நெஞ்சு என்ன பாடு படும்!

இதே கடைசி அசைதான் சண்டைக்கும் காரணம். ஸ்டிவர்ஸ், லெவின்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பத்து மொழிகள்ல ஆம், இல்லைனு பதில் வர்ற கேள்விகளை எடுத்து, கேள்வி முடிஞ்சதுலேர்ந்து பதில் ஆரம்பிக்கிற வரைக்கும் எவ்வளவு இடைவெளினு அளந்து 2009ல வெளியிட்டாங்க. சராசரி சுமார் 200 மில்லிசெகண்ட். ஒரு படத்தைப் பார்த்து அதோட பேரைச் சொல்றதுக்கே நமக்குச் சுமார் 600 மில்லிசெகண்ட் ஆகும். கணக்கு இடிக்குதா? எதிராளி பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நாம பதிலை எடுத்து வச்சுக்கிறோம், அதான். சாதாரணப் பேச்சு தடையில்லாம ஓடுறதே இதனாலதான். ஆனா உன் மாமியார் 'நீ சமைக்கிறதை நான் குறை…'னு ஆரம்பிச்ச உடனே உன் பதில் தயார் ஆயிடுது. அவங்க 'சொல்லல'னு முடிக்கிறாங்களா 'சொல்றேன்'னு முடிக்கிறாங்களானு நீ கேட்கவே இல்ல. கோபமா இருக்கிற நாள்ல வினைச்சொல் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத. வேணும்னா அவங்க சொன்னதையே கேள்வியாத் திருப்பிக் கேளு: 'குறை சொல்லலைங்கிறீங்களா அத்தை?' அந்த ஒரு வரிக்குள்ள உன் சூடும் கொஞ்சம் தணியும்.

உன் பக்கத்து வீட்டுத் தம்பி திக்கிப் பேசுவான்னு சொன்ன. அவன் 'கா… கா…'ங்கும்போது 'காயா? காரா?'னு எடுத்துக் கொடுக்காத. உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கலாம். அவனுக்கும் அந்த வார்த்தை தெரியும், வாய்தான் ஒத்துழைக்கல. நீ முடிச்சு வச்சா அவனுடைய முறையைப் பிடுங்கின மாதிரி ஆகுது. கண்ணைப் பார்த்துக்கிட்டு, அவசரம் இல்லாத முகத்தோட காத்திரு. பக்கவாதம் வந்த பெரியப்பா கதை வேற. அவருக்கு வார்த்தையே கைக்குக் கிடைக்கிறதில்ல. அங்க நாங்க பயிற்சியிலேயே வாக்கியத்தை ஆரம்பிச்சு விட்டு நிறுத்துவோம். 'பூட்டைத் திறக்கிறதுக்கு வேணும் ஒரு…'ன்னா சில சமயம் 'சாவி' தானா வெளியே வந்துடும். படத்தைக் காட்டி 'இது என்ன?'னு கேட்டப்போ வராதது, வாக்கியத்தோட வேகத்துல வந்துடுது. வீட்டுலயும் இப்படிச் செய்யலாம், ஆனா அவர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோ, 'எடுத்துக் கொடுக்கட்டுமா பெரியப்பா?'னு. எல்லார் முன்னாடியும் குழந்தையை நடத்துற மாதிரி நடத்தினா மனுஷன் வாயையே மூடிக்குவார்.

பையன் படிக்கிறதும் அடிச்சு விடுறதும்

ஊகம் நமக்கு ரொம்ப சின்ன வயசுலயே வந்துடுது. நிவேதிதா மணி, ஃபால்க் ஹ்யூட்டிக்னு ரெண்டு பேர் 2012ல ரெண்டு வயசுக் குழந்தைகளை வச்சுப் பார்த்தாங்க. 'பையன் சாப்பிடுறான்'னு கேட்ட உடனே அந்த வாண்டுகளும் கேக் படத்தைப் பார்த்தாங்க, வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே. அதுலயும் நிறைய வார்த்தை பேசுற குழந்தைங்கதான் நல்லா முந்தினாங்க. வெறும் புரிஞ்சுக்கிற வார்த்தைகளோட எண்ணிக்கை அந்த அளவுக்குப் பொருட்டில்ல. வாயால சொல்ற வார்த்தைதான் கணக்கு.

அதனால சின்னவளுக்குக் கதை சொல்லும்போது நீயே முழுசாச் சொல்லிக்கிட்டுப் போகாத. 'பாட்டி வடை சுட்டா, அப்போ பறந்து வந்துது ஒரு…' அங்க நிறுத்து. 'காக்கா!'னு அவ கத்தட்டும். நேத்துச் சொன்ன கதையையே இன்னிக்கும் கேட்கிறான்னு அலுத்துக்காத. அடுத்து வர்றதை முந்திச் சொல்றதுலதான் அவளுக்கு ருசி. டிவி முன்னாடி உட்கார வச்சா, கதையை நிறுத்தி அவ சொல்றதுக்கு யாரும் இடம் விடப் போறதில்ல.

ரெண்டாம் வகுப்புப் பெரியவன் விஷயத்துல இதையே தலைகீழாப் போடணும். 1967ல கென்னத் குட்மன்ங்கிற அமெரிக்கக் கல்வியாளர், படிக்கிறதே ஒரு ஊக விளையாட்டுனு எழுதினார். ரொம்பக் கவர்ச்சியான கருத்து. அதை நம்பிப் பல வகுப்பறைகள்ல 'படத்தைப் பாரு, என்னவா இருக்கும்னு ஊகி'னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பின்னாடி கீத் ஸ்டானோவிச் மாதிரி ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்தப்போ நிலவரம் வேறயா இருந்துது. நல்லாப் படிக்கிற பிள்ளைங்க எழுத்தைப் பார்த்தே வார்த்தையைச் சட்டுனு அடையாளம் கண்டுக்கிறாங்க. எழுத்துல தடுமாறுற பிள்ளைங்கதான் வார்த்தையைக் கண்டுபிடிக்கவே சூழலைப் பிடிச்சுத் தொங்குறாங்க. உன் பையன் பக்கத்துல இருக்கிற படத்தைப் பார்த்து 'நாய் காட்டுல ஓடுச்சு'ங்கிறான். புத்தகத்துல 'நரி'னு இருக்கு. கதை புரிஞ்சுதுதானேனு விட்டுடாத. படத்தைக் கையால மறைச்சு, 'ந-வுக்குப் பக்கத்துல என்ன இருக்கு, துணைக்காலா, ரி-யா?'னு எழுத்தைக் காட்டு. திட்ட வேண்டாம். தமிழ் எழுத்தைக் கூட்டினா சத்தம் பெரும்பாலும் அப்படியே வந்துடும், இங்கிலீஷ் மாதிரி ஏமாத்தாது. அந்த வசதியை விட்டுடக் கூடாது. ஊகம் வேணும், எழுத்தைப் படிச்ச பிறகு: 'இந்த நரி அடுத்து என்ன பண்ணும்னு நினைக்கிற?' அவனுக்கு முன்ன பின்ன தெரியாத கதைப் புத்தகத்துல ஒரு பாராவைப் படிக்கச் சொல்லிப் பாரு, படமில்லாத பக்கமா. அவனுக்கு எழுத்து எந்த அளவுக்குப் பழகியிருக்குனு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

பத்திரிகை புரூஃப்

ஒரு கேள்வி. கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய் அசோகவனத்துல சீதைகிட்ட மோதிரத்தைக் கொடுத்தாரே பீமன், அவர்கிட்ட அந்த மோதிரத்தைக் கொடுத்தனுப்பினது யாரு?

ராமர்னு சொல்லியிருந்தா ஒரு தடவை கேள்வியைத் திரும்பப் படி. பீமனும் வாயுபுத்திரன், பலசாலி; அனுமன் இருக்க வேண்டிய இடத்துல அவரை உட்கார வச்சா மனசு கண்டுக்காம விட்டுடுது. எரிக்சன், மாட்சன் ரெண்டு பேரும் 1981ல பைபிள் கதையை வச்சு இதைக் காட்டினாங்க. பேழையில ஒவ்வொரு இனத்துலயும் எத்தனை மிருகத்தை மோசே ஏத்தினார்னு கேட்டா பெரும்பாலானவங்க 'ரெண்டு'னுடுறாங்க, பேழை கட்டினது நோவானு நல்லாத் தெரிஞ்சவங்களே. சம்பந்தமே இல்லாத ஒரு பேரைப் போட்டா யாரும் ஏமாற மாட்டாங்க. பக்கத்துல இருக்கிற தப்புதான் நழுவும்.

பத்திரிகையில வர்ற தப்பும் இந்த ஜாதிதான். வாசகத்தை நீயும் மாப்பிள்ளையும் எழுதினீங்க, அதனால உங்க ரெண்டு பேர் கண்ணும் தாள்ல இருக்கிறதைப் படிக்காது, மனசுல இருக்கிறதைப் படிக்கும். வெளியாள் ஒருத்தர்கிட்ட கொடு. குடும்பத்துப் பேரெல்லாம் தெரியாதவரா இருந்தா இன்னும் நல்லது. நீ பார்க்கணும்னா கடைசி வரியிலேர்ந்து மேல போ, விரலை வச்சு ஒவ்வொரு வார்த்தையா. தேதியையும் கிழமையையும் காலண்டரைத் திறந்து வச்சு ஒத்துப் பாரு. 'காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்'ங்கிறதை ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோட ஒத்துப் பாரு. போன் நம்பரை உரக்கப் படிச்சு இன்னொருத்தரை டயல் பண்ணச் சொல்லு. பெரியவங்க பேருக்கு முன்னாடி இருக்கிற இனிஷியலை மறந்துடாத, சண்டை வர்றது அங்கதான்.

ஆபீஸ் ஹிந்தி

இதுல சொல்றதுக்கு அதிகம் இல்ல, ஆனா மனசைத் தளர விடாத. பின்னாடி கத்துக்கிட்ட மொழியில ஊகம் தாய்மொழி அளவுக்கு முந்தி ஓடுறதில்ல. ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேர்ந்த பிறகு பிடிக்க வேண்டியிருக்கு, அதான் மீட்டிங் முடிஞ்சதும் தலைவலி. முதல் நாளே என்ன பேசப் போறாங்கனு கேட்டு வாங்கி, அந்த விஷயத்துல வர்ற இருபது முப்பது வார்த்தையைப் பார்த்துட்டுப் போ. தனி வார்த்தையா மனப்பாடம் பண்ணாம சொற்றொடராப் பிடி. ஹிந்திப் படம் பார்க்கும்போது அடியில ஹிந்தி எழுத்தையே போட்டுப் பாரு, இங்கிலீஷ் வேண்டாம்.

படிக்கிற பழக்கம் காதுக்கும் உதவுங்கிறதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு ஆய்வு இருக்கு. அலகாபாத்துல ரமேஷ் மிஷ்ராவும் கூட இருந்தவங்களும் 2012ல வெளியிட்டாங்க. ஹிந்தியில பொருளுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. பேர் வர்றதுக்கு முன்னாடி வர்ற 'வாலா', 'வாலி'யை வச்சே அதைப் பிடிச்சுடலாம். நிறையப் படிச்சவங்க கண்ணு அதைக் கேட்டதுமே சரியான படத்துக்குப் போயிடுச்சு. கொஞ்ச காலமே பள்ளிக்கூடம் போனவங்க, அந்த ஹிந்தியையே பிறந்ததுலேர்ந்து பேசுறவங்களா இருந்தும், பொருளோட பேர் காதுல விழுந்த பிறகுதான் பார்த்தாங்க. அறிவு குறைச்சல்னு அர்த்தம் இல்ல. எழுத்து வாசிப்பு அந்த ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுக்குது. தினமும் ரெண்டு பக்கம் ஹிந்தி படி, வாய்விட்டு.

அப்பா

இதைக் கொஞ்சம் நிதானமாப் படி. 'வேண்டியது மட்டும் காதுல விழும்'னு அம்மா சொல்றாங்க, நீயும் ஒத்து ஊதுற. 'சாப்பிட வாங்க'ன்னா எழுந்து வர்றார், 'பேங்க்ல கேஒய்சி கேட்டாங்களா'ன்னா முழிக்கிறார். அதை நடிப்புனு முடிவு கட்டாத.

வயசானதால வர்ற காது மந்தத்துல மேல் ஸ்தாயி சத்தங்கள்தான் முதல்ல போகும். உயிரெழுத்தோட சத்தம் கனமானது, கேட்டுடும். ச, ஸ, ஃப மாதிரி ஒலிகள்ல இருக்கிற மெல்லிய உரசல் போயிடும். அதனால யாரோ பேசுறாங்கனு தெரியும், என்ன பேசுறாங்கனு தெளியாது. ஓட்டை விழுந்த இடத்தை எல்லாம் ஊகம் நிரப்புது. ஒரு மணிக்கு, அதே குரல்ல, அடுக்களையிலேர்ந்து தாளிக்கிற வாசனையோட வர்ற 'சாப்பிட வாங்க'வைக் கேட்காமலே கேட்டுடலாம். கேஒய்சிக்கு எந்தத் துப்பும் இல்ல. வீட்டுல வழக்கமா நடக்கிற பேச்சை எல்லாம் அவர் இப்படித்தான் சமாளிச்சுக்கிட்டு இருக்கார். காது போனது வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாம இருக்கிறதும் இதனாலதான். கல்யாண மண்டபத்துல ஒரு மணி நேரத்துல களைச்சுப் போய் ஓரமா நாற்காலியைப் போட்டுக்கிறாரே, அது வயசு மட்டும் இல்ல. அவ்வளவு நேரமும் ஓட்டையை அடைச்சுக்கிட்டே இருந்தா யாருக்கும் களைப்பு வரும்.

துப்பு எவ்வளவு உதவும்னு 1977லயே கலிக்கோவ், ஸ்டீவன்ஸ், எலியட்னு மூணு பேர் ஒரு பரிசோதனை உருவாக்கினாங்க. பின்னணியில பல பேர் பேசுற இரைச்சலை வச்சுட்டு, ஒரே கடைசி வார்த்தையை ரெண்டு விதமான வாக்கியத்துல கேட்க வைப்பாங்க. காவல் நாய் எச்சரிக்கையா உறுமுச்சுங்கிறது ஒண்ணு. 'நான் அந்த உறுமலைப் பத்தி யோசிக்கல'ங்கிறது இன்னொண்ணு. இங்கிலீஷ்ல ரெண்டுமே 'உறுமல்'ங்கிற வார்த்தையிலதான் முடியும். அதே இரைச்சல்ல முதல் வகை ரொம்ப நல்லாக் கேட்கும்.

அதனால அப்பாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி தலைப்பைச் சொல்லு. 'அப்பா, பேங்க் விஷயம்.' அவர் திரும்பி உன் முகத்தைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்லு. பேச்சு மாறினா அதையும் சொல்லு: 'அது இருக்கட்டும், இப்போ கரண்ட் பில்லு.' டிவியை மியூட் பண்ணு. ஒரு தடவை சொல்லிக் கேட்கலைன்னா அதையே கத்தாத, கத்தினா சத்தம் சிதையும், உன் முகமும் கோபமாத் தெரியும். வாக்கியத்தை மாத்திப் போடு: 'கேஒய்சி கேட்டாங்களா' எடுபடலைன்னா, 'பேங்க்ல ஆதார் நகல் கேட்டாங்களா?'னு கேளு. முதல் தடவை கிடைக்காத துப்பு ரெண்டாவது வாக்கியத்துல கிடைக்கும்.

பேரும் நம்பரும் மட்டும் இதுல அடங்காது. எந்த மாத்திரை, எத்தனை மணி, எந்தப் பஸ் இதுக்கெல்லாம் ஊகம் உதவாது, தப்பாத்தான் நிரப்பும். நிரப்பினதும் அவருக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. ரிச்சர்ட் வாரன் 1970ல ஒரு வாக்கியத்துல ஒரே ஒரு 's' ஒலியை வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்ட 20 பேர்ல 19 பேர் எல்லா ஒலியும் சரியா இருந்துதுனு சொன்னாங்க. மிச்சம் ஒருத்தரும் வேற ஒலியைத்தான் காணோம்னார். இருமலுக்குப் பதிலா வெறும் மௌனத்தை விட்டா ஓட்டை தெரிஞ்சுடுது. சத்தத்தால மூடினா தெரியல. அவங்க காது நல்லா இருந்தவங்க! அப்பா 'நீ காலையிலனுதான் சொன்ன'ன்னு சாதிக்கும்போது பொய் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் அவருக்குக் கேட்டிருக்கு. 'புரிஞ்சுதா?'னு கேட்காத, எல்லாரும் தலையை ஆட்டுவாங்க. 'எந்த மாத்திரை எப்போனு ஒரு தடவை சொல்லுங்கப்பா'ன்னு கேளு. மாத்திரை அட்டையிலேயே ஸ்கெட்ச் பேனாவால காலை, ராத்திரினு எழுதி வச்சுடு.

அடுத்த மாசத்துக்குள்ள காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ. முன்னாடியே ஒரு தாள்ல எழுதிக்கோ: எந்தப் பேச்சு கேட்குது, எது கேட்கல, போன்ல எந்தக் காதுல வைக்கிறார், டிவி சத்தம் எத்தனை நம்பர்ல இருக்கு. ஆடியாலஜிஸ்ட்டுக்கு இது ரொம்ப உதவும். முதல்ல பீப் சத்தம் கேட்டா பட்டனை அழுத்தச் சொல்லுவாங்க. அப்புறம் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத தனித்தனி வார்த்தைங்க. துப்பு இல்லாம காது எவ்வளவு கேட்குதுனு பார்க்கத்தான் அப்படி. அங்க அவர் திணறுறதைப் பார்த்து நீ வாயசைச்சு எடுத்துக் கொடுக்காத, அம்மாவை உள்ளேயே விடாத. ரிசல்ட்டை எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பு. மெஷின் தேவைப்படுமா, ஒரு காதுக்கா ரெண்டுக்குமானு அப்போ பேசிக்கலாம்.